கேக் என்ன நிறம்?

அலபாமா மாநிலத்துப் பெல் கிரீக் ஊரில் பெரிய மளிகைக் கடை ஒன்றுதான். அதன் கடைசி மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தலையில் வலை மாட்டிக்கொண்டு கேக்கின் மேல் குனிந்திருப்பவள் வைனெல் ப்ரூயிட். வயது ஐம்பத்தேழு. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளில் அவள் கை பட்ட கேக்கை வெட்டாத பிள்ளை அநேகமாக இல்லை. பிறந்தநாள், ஞானஸ்நானம், கல்யாணம், வேலையிலிருந்து ஓய்வு என்று எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வரவேண்டும். சாவு வீட்டுக்குக்கூட அவள்தான் தேங்காய்க் கேக் செய்து அனுப்புவாள். அதற்கு மட்டும் மேலே ஒன்றும் எழுதமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பாப்டிஸ்ட் சபைக்குப் போவாள். மற்ற ஆறு நாளும் அவளுடைய சபை பாஸ்கம் ஸ்டேட் கல்லூரியின் ஃபுட்பால் அணி. காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை; பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் முட்டித் தள்ளுகிற அமெரிக்க ஃபுட்பால். அலபாமாவில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால், பெயருக்கு அடுத்தபடி கேட்கிற கேள்வி, "நீங்க கொக்கா, கழுதையா?" என்பதுதான். பாஸ்கம்காரர்களின் சின்னம் கொக்கு, நிறம் பச்சை. டாலிவர் கல்லூரிக்காரர்களின் சின்னம் கோவேறு கழுதை, நிறம் ஆரஞ்சு. கழுதை என்று சொன்னால் இங்கே யாருக்கும் கோபம் வராது. தபால் பெட்டியிலேயே வரைந்து வைத்திருப்பார்கள். வைனெல் கல்யாணம் செய்துகொண்டதும் ஒரு கழுதைக்காரனைத்தான். ஆறு வருஷத்தில் விவாகரத்து ஆனது. ஃபுட்பாலால்தான் பிரிந்தார்கள் என்று ஊர் சொல்கிறது. உண்மையில் அவன் குடித்துக் கெட்டான். ஆனால் குடிகாரனை விட்டு வந்தவள் என்பதைவிடக் கழுதையை விட்டு வந்தவள் என்பது கேட்க நன்றாக இருந்ததால், அவள் திருத்தப் போகவில்லை.

ஆட்டம் என்னவோ இலையுதிர் காலத்தில் சில மாதங்கள், அதுவும் சனிக்கிழமைகளில்தான். பள்ளிக்கூடத்துப் பையன்களைக் கல்லூரிக்கு இழுக்கிற வேலைதான் வருஷம் பூராவும் நடக்கும். ஆள்சேர்ப்பு என்று அதற்கு மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்கிற அட்டகாசத்தைப் பார்த்தால் பிள்ளைபிடி என்றுதான் சொல்லத் தோன்றும். இழுப்பது பயிற்சியாளர்களின் வேலை. ரசிகர்களுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் தூக்கம் கெடுவது ரசிகர்களுக்குத்தான்.

மதிய இடைவேளையில் வைனெல் காருக்குள் உட்கார்ந்து, ஒரு கையில் சாண்ட்விச்சும் ஒரு கையில் போனுமாக, கொக்கு ரசிகர்களின் இணையக் களத்தைப் படிப்பாள். அங்கே பேரன் எடுத்த ஆண்பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு, பதினேழு வயதுப் பையன் நேற்று என்ன நிறத்தில் காலுறை போட்டிருந்தான் என்று வாதம் செய்துகொண்டிருப்பார்கள். எந்தப் பயிற்சியாளரின் விமானம் எந்த ஊரில் இறங்கியது என்று ஒருவர் கணக்கு வைத்திருப்பார். பையனின் காதலி எந்தப் படத்துக்கு இதயம் போட்டாள் என்று இன்னொருவர் கண்டுபிடித்துச் சொல்வார். வைனெல் அதிகம் எழுதமாட்டாள். ஆனால் ஒன்று விடாமல் படிப்பாள். நேரில் பார்த்தேயிராத பையன்களின் முழங்காலுக்காக ஜெபம் செய்வாள். பிடித்த பையன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் அன்றைக்கு அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு நிஜமாகவே நெஞ்சு வலிக்கும்.

இப்படி இருந்தவளுக்கு, சொந்த ஊரிலேயே ஒருவன் முளைத்தான்.

டவோரிஸ் கெயின்ஸை அவன் தள்ளுவண்டிக் கூடையில் உட்கார்ந்து வந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். கடையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் இலவசம். டவோரிஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, மறு கையை நீட்டி, "தங்கச்சிக்கு ஒண்ணு" என்பான். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது. வைனெலுக்கும் அது தெரியும். கொடுத்துவிடுவாள். அந்தப் பிஸ்கட்டெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ, பதினெட்டு வயதில் பையன் கதவைக் குனிந்து கடக்கிற உயரம், கதவையே அடைக்கிற அகலம். பந்து எறிகிறவனின் முதுகுப் பக்கம் நின்று காவல் காக்கிற ஆள் அவன். அந்த இடத்தில் நல்ல ஆள் இல்லாமல்தான் பாஸ்கம் ஏழு வருஷமாக டாலிவரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தது. நாடெங்கும் அவனைக் கேட்டார்கள். கடைசியில் பாஸ்கமா, டாலிவரா என்று வந்து நின்றது.

டிசம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை, பையன்கள் கல்லூரிக்குக் கையெழுத்துப் போடுகிற நாள். பள்ளிக்கூட உள்ளரங்கில் மேஜை போட்டு, அதில் தொப்பிகளை வைப்பார்கள். பையன் எந்தத் தொப்பியை எடுத்து மாட்டுகிறானோ அந்தக் கல்லூரி. அதுவரை வாயைத் திறக்கக்கூடாது. தொப்பிக்குப் பக்கத்தில், மூடிய பெட்டியில், அந்தக் கல்லூரியின் நிறத்தில் ஒரு கேக் இருக்கும். ஆக, பையனுக்கும் பெற்றவர்களுக்கும் அடுத்தபடி விஷயம் தெரிகிற மூன்றாவது ஆள், கேக் செய்கிறவள்தான்.

முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை, டவோரிஸின் அம்மா ஷாண்டா வந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, அந்தச் சீருடையிலேயே நேரே வந்திருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள்.

"மிஸ் வைனெல், அடுத்த புதன்கிழமைக்கு ஒரு கேக் வேணும். பெருசா."

"செஞ்சிடலாம்மா. என்ன நிறம்?" என்றாள் வைனெல், தினமும் கேட்கிற குரலில். கிரீம் பிழிகிற பையைப் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னு சொல்றாங்க. நீங்க பெரிய கொக்காச்சே."

"அப்படிச் சொல்றவங்க யாராவது, அவங்க வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு என் வாயிலேருந்து கேட்டிருக்காங்களா? நீலமா ரோஸான்னு இந்த ஊருல இருக்கற பாதிப் பேரோட ரகசியம் என்கிட்டதான் இருந்துச்சு. டாக்டர் சீட்டு நேரா என்கிட்ட வரும், ஆணுன்னா கேக்குக்குள்ள நீலம், பொண்ணுன்னா ரோஸ்; கேக்கை வெட்டற வரைக்கும் பெத்தவளுக்கே சொன்னதில்ல. நீ சொல்லு."

ஷாண்டா குரலைத் தாழ்த்தினாள். "ஆரஞ்சு."

வைனெலுக்குக் காது அடைத்தது. ஆனாலும் தொழில்காரி. "வெளிர் ஆரஞ்சா, நல்ல ஆரஞ்சா?"

"கழுதை ஆரஞ்சு." ஷாண்டாவுக்கே பாவமாக இருந்தது போலும். "கோச் ரெண்டு பேருமே நல்லவங்கதான் மிஸ் வைனெல். என் கார்தான் பிரச்சினை. பாஸ்கமுக்கு நாலு மணி நேரம் ஓட்டணும். ஹைவேல ஒரு மணி நேரம் போனாலே அது கொதிக்க ஆரம்பிச்சிடும். டாலிவர்னா பக்கம். சனிக்கிழமை வேலை முடிச்சிட்டு நேரா போயிடலாம். நான் பார்க்காத ஆட்டம் என்ன ஆட்டம்னு கேக்கறான்."

இணையக் களத்தில் அத்தனை பேர் அத்தனை மாதம் காலுறையையும் விமானத்தையும் ஆராய்ந்தார்கள். அந்த அம்மாவின் கார் எப்படி ஓடுகிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வைனெலுக்கும் தோன்றவில்லை.

"சரிம்மா, செஞ்சிடறேன்" என்றாள். ஷாண்டா போனதும் குளிரறைக்குள் போய், வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். பையன் மேல் கோபமும் வந்தது. கேட்டபோதெல்லாம் பிஸ்கட் கொடுத்த கை இது, இப்படியா செய்வான் என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, யாருடைய பிறந்தநாளையோ எழுதி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது வினை. டிசம்பர் மாதம்; கிறிஸ்துமஸ் மர பிஸ்கட்டுக்கு வாளி வாளியாகப் பச்சை கிரீம் கலக்க வேண்டிய நேரம். வருஷா வருஷம் நடப்பதுதான். வைனெல் அப்படி நான்கு வாளிகளை வரிசையாக வைத்து நின்றதை, ரொட்டி வாங்க வந்த ஒரு கொக்கு ரசிகர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து படம் எடுத்துக் களத்தில் போட்டுவிட்டார். அதன் கீழே, 'கெயின்ஸ் வீட்டுக் கேக் செய்கிற அம்மாவின் கையைப் பாருங்கள்' என்று ஒரு வரி. புத்தியுள்ள எவனும் டிசம்பரில் பச்சையைப் பார்த்தால் கிறிஸ்துமஸ் என்பான். கொக்கு ரசிகர்கள் டவோரிஸ் என்றார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் உறுதியாகி, கொண்டாட்டமும் ஆரம்பித்துவிட்டது.

முதலில் வந்து நின்றவன் ஹாய்ட். வைனெலின் தம்பி, ஊரில் டயர்க் கடை வைத்திருக்கிறான். முகமெல்லாம் பல்.

"அக்கா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"என்னத்தைச் சொல்ல? டேய், கிறிஸ்துமஸ் மரம் என்ன நிறத்துல இருக்கும்?"

ஹாய்ட் கண்ணைச் சிமிட்டினான். "ஆமாமா. கிறிஸ்துமஸ் மரம்! நல்லாச் சொன்ன. இப்படியே எல்லார்கிட்டயும் சொல்லு."

"சத்தியமா மரம்தான்டா."

"புரியுதுக்கா. வாயில என்ன, கேக்கா? விழுங்கிடு, விழுங்கிடு" என்று சிரித்துக்கொண்டே இரண்டு டஜன் பச்சை பிஸ்கட் வாங்கிப்போனான்.

அவள் மாட்டிக்கொண்டாள். பச்சை இல்லை என்று அடித்துச் சொன்னால், ஆரஞ்சு என்று சொன்னதாகிவிடும். ஆமாம் என்றால் பொய். வாயை மூடிக்கொண்டிருந்தால், மௌனம் சம்மதம் என்று அதையும் பச்சைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் கண்ணாடியைத் தட்டிக் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஹாய்ட் டயர்க் கடை வாசலில் டவோரிஸ் பெயர் போட்டுப் பெரிய பச்சைத் துணி கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து ஹாய்ட் வீட்டில் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சோளரொட்டி எல்லாம் மேஜைக்கு வந்தபோது ஹாய்ட்டின் முகம் மட்டும் சரியில்லை. டாலிவர் பயிற்சியாளரின் விமானம் பக்கத்து ஊரில் இறங்கியதாகக் களத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். பெண்டாட்டி சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டான்.

"அக்கா, விளையாட்டு போதும். கேக் என்ன நிறம்?"

"சாப்பிடுடா முதல்ல."

"கேளு. பச்சைன்னா நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பச்சை இல்லன்னா இப்பவே சொல்லிடு. நம்ம துணைக் கோச் நம்பர் என்கிட்ட இருக்கு. அவருக்கு நடுரோட்டுல டயர் மாத்திக் குடுத்தவன் நான். ஒரு போன் போட்டா பெரிய கோச் இன்னிக்கே ஹெலிகாப்டர்ல வந்து ஸ்கூல் மைதானத்துல இறங்குவார். அந்தம்மா வீட்டு சோபால உட்கார்ந்து பேசுவார். இன்னும் நேரம் இருக்கு. எத்தனை பையன் கடைசி நாள்ல மாறியிருக்கான், உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். ஹாய்ட் சொன்னது அத்தனையும் நடக்கக்கூடியதுதான். ஒரு வார்த்தை போதும். ஏன், தலையை அசைத்தாலே போதும். அந்தப் பெரிய பிள்ளை பச்சைச் சட்டையில் மைதானத்துக்குள் ஓடிவருவதை அவள் மூன்று வருஷமாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு ஆசை. அதே மனசில், சனிக்கிழமை வேலை முடித்த கையோடு, சூடேறுகிற காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிற ஷாண்டாவும் வந்து நின்றாள்.

"ஹாய்ட்," என்றாள், "அந்தச் சோளரொட்டியை இப்படித் தள்ளு."

ஹாய்ட் அக்கா முகத்தையே பார்த்தான். பிறகு அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "அப்ப பச்சைதான்! இல்லன்னா நீ சொல்லாம இருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா!" என்று கோழியை ஒரு கை பார்க்க ஆரம்பித்தான். வைனெல் சோளரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆரஞ்சு கலந்தாள். இத்தனை வருஷத்தில் டாலிவர் கேக் எது வந்தாலும் கூட வேலை செய்கிறவளிடம் தள்ளிவிட்டிருக்கிறாள். கழுதை வரைந்து பழக்கமே இல்லை. காது முயல் காதாக வந்தது, வழித்தாள். மறுபடியும் வரைந்தாள், மறுபடியும் வழித்தாள். ஏனோதானோ என்று முடித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். கை கேட்கவில்லை. கடைசியில் கழுதை வந்து நின்றது பாருங்கள், கண்ணிமை உட்பட, அவ்வளவு அழகு. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை காலை உள்ளரங்கு நிரம்பி வழிந்தது. வைனெல் வழக்கம்போலப் பச்சை ஸ்வெட்டரில்தான் வந்தாள். பெட்டியைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். படிக்கட்டு இருக்கைகளில் ஹாய்ட்டும் அவன் கூட்டமும், ஒரே பச்சை. டவோரிஸ் சபைக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தான், தோளில் பிதுங்கியது. ஆண்டவருக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, கோச்சுக்கு நன்றி என்று எழுதிவைத்ததைப் படித்தான். சில பையன்கள் வேண்டுமென்றே ஒரு தொப்பியைத் தொட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக் கூட்டத்தைச் சீண்டுவார்கள். டவோரிஸ் அப்படியெல்லாம் செய்யவில்லை. நேரே ஆரஞ்சுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

ஷாண்டாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற நாலைந்து பெண்கள் கை தட்டினார்கள். வேறு சத்தமே இல்லை. பிறகு மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

"நேத்து வரைக்கும் பச்சைடா நீ!"

"ராத்திரியோட ராத்திரி மாத்திட்டான்!"

"எவ்வளவுடா குடுத்தாங்க?"

ஒருவன் ஆரம்பித்தால் போதாதா. காகிதக் கோப்பை ஒன்று பறந்து வந்து மேஜைக்கு முன்னால் விழுந்தது. டவோரிஸ் அம்மாவைப் பார்த்தான். அவ்வளவு பெரிய உடம்பு; மோவாய் மட்டும் சின்னப் பிள்ளைக்கு நடுங்குகிற மாதிரி நடுங்கியது. ஷாண்டா எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தாள்.

வைனெலுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பையன் யாரிடமும் பச்சை என்று சொன்னதில்லை. சொன்னது அவளுடைய வாளி, அவளுடைய மௌனம். வார்த்தை மாறியவன் என்கிற பெயர் இப்போது அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் அந்தப் பெயர் விழுந்தால் கிழவனானாலும் போகாது.

அவள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்படி கேக்கைச் சாய்த்துத் தூக்கிப் பிடித்தாள்.

"கேக் என்ன நிறம், கேக் என்ன நிறம்னு கேட்டீங்களே! நல்லாப் பாருங்க!" கடை மூலையிலிருந்து ஊரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். "இதைப் போன வாரம் செவ்வாய்க்கிழமையே என்கிட்ட சொன்னாங்க. அன்னிக்கே ஆரஞ்சுதான். பையன் மாறவே இல்ல. நீங்க படம் புடிச்சுப் போட்டது கிறிஸ்துமஸ் மரம்! மரம்னு சொன்னேன், எவனும் கேக்கல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவனை விடுங்க."

சத்தம் அடங்கியது. ஹாய்ட் படியிறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"உனக்குத் தெரியுமா? ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிடறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கோச் வந்திருப்பாரேக்கா!"

"வந்திருப்பார். அதான் சொல்லல."

"நீயெல்லாம் ஒரு கொக்கா?"

அந்தக் கேள்விதான் அவளை உடைத்தது. "எனக்கு மட்டும் இது இனிக்குதாடா? குளிரறைக்குள்ள நின்னு அழுதேன், தெரியுமா உனக்கு? இன்னிக்கு வரைக்கும் ஒரு வாய் நிம்மதியா சாப்பிடல. ஆனா அது அவங்க கேக்குடா. உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல."

ஹாய்ட் திரும்பி வெளியே போனான். அவன் பின்னால் பச்சைக் கூட்டமும் போனது. ஈஸ்டர் வரைக்கும் அவன் அக்காவிடம் பேசவில்லை. களத்தில் அன்றைக்கு மத்தியானமே அவளுக்குப் பல பெயர்கள் வைத்தார்கள். அவள் ஒன்று விடாமல் படித்தாள். இருபது வருஷத்துப் பழக்கம், அதை எப்படி விடுவது.

அரங்கில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிச்சம். நூறு பேருக்குச் செய்த கேக் அப்படியே இருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. ஷாண்டா காகிதத் தட்டுகளை வெறுமனே எண்ணி எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வைனெல் கத்தியை எடுத்தாள். அத்தனை பாடுபட்டு வரைந்த கழுதைக் காதில் ஆரம்பித்து ஒரு துண்டு வெட்டினாள். பச்சை ஸ்வெட்டரோடு, எல்லோரும் பார்க்க, முதல் வாய் தின்றாள். அந்தச் சாயம் லேசில் போகாது. உதடு, பல், நாக்கு எல்லாம் ஆரஞ்சு.

டவோரிஸ் மேஜைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"எம்மேல கோபமா மிஸ் வைனெல்?"

"கோபம்தான். வருஷத்துல ஒரு சனிக்கிழமை, எங்களோட ஆடற அன்னிக்கு, உன்னை வாய்க்கு வந்தபடி திட்டப்போறேன். மத்த சனிக்கிழமையெல்லாம் உன் முழங்காலுக்கு ஜெபம் பண்ணுவேன். தொப்பியைப் போடு. எடுத்துட்டு அப்புறம் என்ன கையில வச்சுக்கிட்டு நிக்கற?"

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். அவள் பெரிய துண்டாக ஒன்று வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான், ஆனால் நகரவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு மறு கையை நீட்டினான்.

"தங்கச்சிக்கு ஒண்ணு."

வைனெல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு இன்னொரு துண்டு வெட்டினாள், முதலில் கொடுத்ததைவிடப் பெரிதாக.